அரைக் கிலோ

"அழுதா எடை ஏறிடுமா? வாயைத் திறடா!"

சோள மடலைப் பிரித்து, ஆவி பறக்கும் கெங்கே மாவுருண்டையைப் பையன் முன்னால் வைத்தாள் அஜெலே. பக்கத்தில் பொரித்த மீன், மிளகாய்ச் சட்னி. புகோம் குத்துச்சண்டைத் திடலின் வாசலில்தான் அவள் கடை.

பையன் பெயர் அயிக்வே. முதல் போட்டிக்காக தேஷியிலிருந்து வந்தவன். காலையில் தராசில் ஏறினால், அவன் எடைப் பிரிவுக்கு அரைக் கிலோ குறைவு. ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் எடை தேறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"எப்படிடா இப்படி வத்திப் போனே?"

"போட்டின்னா எங்க கிளப் அண்ணனுங்க பட்டினி கிடந்து எடையைக் குறைப்பாங்க ஆன்ட்டி. நானும் ரெண்டு நாளா சாப்பிடல."

"அவனுங்க எருமை கணக்கா இருக்கானுங்க, குறைக்கிறானுங்க. உன்கிட்ட குறைக்க என்னடா இருக்கு, காதா?"

அஜெலேவுக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. இன்னொரு மீனை எடுத்து வைத்தாள்.

எதிர்க்கடை கோர்கோய்க்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, கூட ஒரு மிளகா கேட்டாலே முறைப்பே. இன்னிக்கு என்ன, ஊரான் புள்ளைக்கு மீனை வாரி விடறே?"

"உனக்கு ஏன் வயிறு எரியுது? அந்தத் தண்ணி பாக்கெட்டை இங்க தூக்கிப் போடு."

"போதும் ஆன்ட்டி, கழுத்து வரைக்கும் வந்துடுச்சு" என்று கெஞ்சினான் அயிக்வே.

"கழுத்துக்கு மேல இடம் இருக்குல்ல? குடி!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே போனவன், திரும்பி ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டான்.

"ஏறிடுச்சு ஆன்ட்டி! சாயங்காலம் உங்களுக்காகவே அவன் மூக்கை உடைக்கிறேன் பாருங்க!"

"ஐயையோ, மூக்கெல்லாம் எதுக்குடா?" என்று பதறினாள் அஜெலே. "பாயின்ட் எடுத்தா போதும்."

சாயங்காலம் கடையை மூடிவிட்டு இரண்டு பெண்களும் முன்வரிசையில் இடம் பிடித்தார்கள். சிவப்பு மூலையிலிருந்து அயிக்வே, அஜெலேவைப் பார்த்துக் கையுறையை ஆட்டினான். அவளும் வாய் நிறையச் சிரித்துக் கையசைத்தாள்.

நீல மூலையில் ஏறியவனைப் பார்த்ததும் கோர்கோய் வாயைப் பிளந்தாள். "அடிப்பாவி! அது உன் புள்ள லார்யே இல்ல?"

"அவனேதான். இந்த எடையில மொத்தமே ரெண்டு பேருதான். இவன் வீட்டுக்குப் போயிட்டா, அவன் யார் கூடடி சண்டை போடுவான்?"

மணி அடித்தது. அஜெலே எழுந்து நின்று, திடலே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்:

"டேய் லார்யே, வயித்துல மட்டும் குத்தாதே! உள்ளே இருக்கிறது அத்தனையும் நம்ம கடை மீனு!"