சொந்தச் சரக்கு

பெருமாள்மலைத் திருப்பத்தில், டீக்கடைக்கு எதிரே, காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் நடுரோட்டில் நின்று கையைக் காட்டினார். பக்கத்தில் டவாலி போட்ட சேவகன். கந்தவேலின் கால் பிரேக்கில் விழுந்தது. முகத்தில் இருந்த ரத்தம் அதற்கும் கீழே போய் விழுந்தது.

“தொலைஞ்சோம் தங்கச்சி. மோட்டார் இன்சுபெக்டரு!”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சண்முகவள்ளி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். லாரியின் பின்னால் கிடந்ததுதான் அவளுடைய மொத்த ஆஸ்தியும். செத்துப்போன புருஷன் வாங்கிவைத்த பீரோ, ஒரு கட்டில், நாலு பாத்திரம், அவளுக்குச் சோறு போடும் தையல் மிஷின்.

பழனியில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் கொடைக்கானலுக்குக் குடிபோகிறாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கவுன் தைக்கும் வேலை. “சொந்த மிஷினோட திங்கக்கிழமை வந்து நில்லு, இல்லாட்டி வேற ஆளு இருக்கு” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கந்தவேல் ஆயக்குடிக் கொய்யா வியாபாரி. அவன் லாரிக்கு இருந்தது சொந்தச் சரக்கு பர்மிட். அடுத்தவர் சாமானில் ஒரு முறத்தைக்கூட வாடகைக்கு ஏற்றக்கூடாது என்பது மோட்டார் சட்டம். ஆனால் கவுஞ்சி ஊர் உருளைக்கிழங்கை ஏற்றிவர மலைக்குப் போகும் லாரி காலியாகப் போனால் வியாபாரிக்கு வயிறு எரியும், சட்டத்துக்கு எரியாது. அதனால் மற்ற லாரிக்காரர்கள் கேட்ட வாடகையில் பாதிக்கு அவளுடைய குடித்தனத்தையே ஏற்றிக்கொண்டான்.

“நெசத்தச் சொன்னா லாரியப் புடிச்சு வச்சுருவாக. ஒஞ் சாமானும் அதுலயே கெடந்து மழையில மக்கும். எல்லாம் என்னோடதுன்னு சொல்லிரு. நீ எங்கூடப் பொறந்தவ. பிசகுனா ரெண்டு பேரு சோத்துலயும் மண்ணுதான்.”

“நீங்க பேசாம இருங்கண்ணே. பழனிக் கடைவீதியில பேரம் பேசி வளந்தவ நானு.”

அதிகாரி வந்தார். கந்தவேல் நீட்டிய பர்மிட்டைக் கையால் ஒதுக்கினார்.

“ஆயக்குடி கந்தவேலுங்கிறது நீர்தானா?”

“ஆமாங்கய்யா.”

“லாரி தவணைக் கம்பெனிக்காரனோடதுன்னு தெரியும். மேல கெடக்குற சாமான் யாரோடது?”

“எல்லாம் என்னோடதுதாங்கய்யா. மேல ஒரு வீடு புடிச்சிருக்கேன்.”

அதிகாரி லாரியில் ஏறிப் பார்த்தார். மிஷின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கி, நேரே சண்முகவள்ளியிடம் வந்தார்.

“அவரு கெடக்கட்டும், நீங்க சொல்லுங்கம்மா. இது யாரு சாமான்?”

“எங்க அண்ணனோடதுங்க.”

“கொய்யா வியாபாரிக்கு எதுக்கும்மா தையல் மிஷின்?”

“கிழிஞ்ச சாக்கு தைக்கத்தாங்கய்யா. இந்த யாவாரத்துல மனுசன் வேட்டியவிடச் சாக்குதான் வெரசாக் கிழியுது.”

சேவகன் சிரித்துவிட்டான். கந்தவேலுக்கே ஒரு கணம் அது தன் மிஷின்தான் என்று தோன்றிவிட்டது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

“பயப்படாமச் சொல்லுங்கம்மா. ஒங்களோடதுன்னா ஒங்களோடதுன்னு ஒரு வார்த்தை போதும். நான் பாட்டுக்கு எஞ் சோலியப் பாத்துக்கிட்டுப் போயிருவேன்.”

கடைக்காரன் குழையும்போதுதான் மடியை இறுக்கிப் பிடிக்கவேண்டும் என்பது சண்முகவள்ளிக்குத் தெரியாதா? டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

“பழனியாண்டவன் சத்தியமாச் சொல்றேன். இதுல ஒரு ஊசிகூட எனக்குச் சொந்தமில்லீங்க.”

அதிகாரி பெஞ்சில் இருந்த இரண்டு பேரை அருகே கூப்பிட்டார்.

“அந்தம்மா சொன்னதக் கேட்டீங்கள்ல?”

“கேட்டோமுங்க.”

அவர் சேவகன் பக்கம் திரும்பினார். “எறக்குப்பா. பாத்திரம், கட்டில விட்டுரு. பீரோ, மிஷின் ரெண்டையும் எடு.”

சண்முகவள்ளி ஓடிப்போய் மிஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “என்னங்கய்யா இது? அதான் எல்லாம் எங்கண்ணன் சொந்தச் சரக்குன்னு ஆயிருச்சே! பெறகு பர்மிட்டுல என்ன குத்தம்?”

“நான் பர்மிட் பாக்க வந்தவன் இல்லம்மா, கந்தவேல் சொத்த ஜப்தி பண்ண வந்த கோர்ட்டு அமீனா.”