கட்டிலுக்கு அடியில் ஒரு ராட்சசன்

"என் மூஞ்சியைப் பேய்க்கு வச்சிருக்கியாமே, பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றான் அண்ணன், செருப்பைக் கழற்றியபடி.

பேய்க்காரிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இன்டர்நெட்டில் அவளுக்கு அந்தப் பெயர்தான். கம்ப்யூட்டரில் மண்டை ஓடு, புழு நெளியும் கண் என்று வரைந்தே பேர் வாங்கியவள். மற்றபடி கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிவிடுவாள், அது வேறு கதை.

அவளுடைய முதல் படப் புத்தகம் நாளைக்கு அச்சுக்குப் போகிறது. முதல் பக்கத்தில், கட்டிலுக்கு அடியில் பதுங்கிய ராட்சசன். அச்சு அசல் அண்ணன் ஜாடை. கீழே ஒரு வரி: 'ஐந்து வயதுக் குழந்தையைப் பயமுறுத்தி ரசித்த என் அண்ணனுக்கு.'

திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் விரல் பட்டுவிடாமல் தள்ளி நின்று பார்த்தான்.

"மூக்கு சரியா வந்திருக்கு."

"கோபம் வரலையா?"

"எதுக்கு?"

"ஊரே படிக்கும். உன் பொண்ணும் படிப்பா."

அவன் படத்தையே ரசித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு 'மன்னிச்சுக்கோ' சொன்னால் போதும், அந்தப் பக்கத்தையே எடுத்துவிடுவாள். முப்பது வருஷமாக அதற்குத்தானே காத்திருக்கிறாள்!

"ஞாபகம் இருக்காண்ணா? ஸ்கூல் விட்டு வந்ததும் என்னைக் கட்டிலுக்கு அடியில இழுத்துட்டுப் போவ. தலை இல்லாத தபால்காரன், பல்லு தேடுற கிழவின்னு தினம் ஒண்ணு. நான் நடுங்குவேன். நீ விடவே மாட்ட."

"பல்லு தேடுற கிழவி நல்லா இருக்கும்ல? அவ உள்ளங்கையில ஒரு கண்ணு இருக்குமே, அதை வரைஞ்சியா?"

"பதினெட்டாம் பக்கம்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிலடித் தூசி, அண்ணனின் மைக்கறைச் சட்டை, மூச்சு முட்ட முட்ட அவன் கதை சொன்ன வேகம் எல்லாம் அவளுக்கு ஒரேயடியாகத் திரும்பி வந்தது. அந்த வீட்டுக்கு இன்னொரு தரம் போக முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று ஏங்கினாள்.

அப்புறம் சுதாரித்துக்கொண்டாள்.

"பேச்சை மாத்தாத. பக்கத்து ரூம்ல அம்மா சாகக் கிடந்தாங்க. அப்ப போய் உனக்கு எப்படி அந்த விளையாட்டு தோணிச்சு? அம்மா பாவம், ஒரு முனகல்கூட இல்லாம அமைதியாப் போனாங்க."

அண்ணன் அவளையே பார்த்தான். "உனக்கு அப்படியா ஞாபகம்?"

"பின்னே?"

"நல்லது, அப்படியே இருக்கட்டும். அந்தப் படத்தையும் மாத்தாத" என்று செருப்பை மாட்டினான்.

அவள் வாசலை மறித்தாள். "சொல்லிட்டுப் போ."

மாட்டிய செருப்பை மறுபடி கழற்றினான்.

"நாலு மணிக்கெல்லாம் மருந்து வேகம் குறைஞ்சிடும். வலி தாங்காம அம்மா கத்துவாங்க. பன்னெண்டு வயசுல எனக்கு வேற என்ன பண்ணத் தெரியும்? பேய்க் கதை சொன்னா, நீ ரெண்டு காதையும் இறுக்கப் பொத்திக்குவ."