விடிய விடியக் காற்று

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு விசிறியின் கதை சொல்கிறேன்.

கூடாரங்களில் தங்குகிறவர்களுக்காகச் சார்ஜ் ஏற்றும் ஃபேன் செய்யும் கம்பெனி அது. கொளுத்தும் மொட்டைமாடியில் கூடாரம் போட்டு, உள்ளே ஃபேனை ஓடவிட்டுச் சோதித்தவள், வியர்வை சொட்ட முதலாளி முன் வந்து நின்றாள்.

“சார்ஜ் பாதி ராத்திரிக்கு மேல தாங்காது சார்.”

“பெட்டியில ‘விடிய விடியக் காற்று’ன்னு அச்சடிச்சாச்சு. பேசாம சோதனை ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போடுங்க.”

“கூடாரத்துல பச்சைக் குழந்தைங்களும் படுக்கும் சார். போட மாட்டேன்.”

“அப்ப வேலையை விட்டுட்டுக் கிளம்புங்க.”

“தாராளமா கிளம்புறேங்க. ராத்திரி நீங்க அந்தக் கூடாரத்துலயே இந்த ஃபேனோட படுத்துக்கங்க. நம்ம வீட்டுக் கதவை நான் திறக்கிறதா இல்லை.”

அவள் புருஷனான முதலாளி பெட்டிகளை மறுபடி அச்சுக்கு அனுப்பினார்.

உள்ளதைச் சொல்லும் வாய் ஒன்று உங்கள் வீட்டிலும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும், கண்ணுகளா.