பசை காயாத சுவர்

அந்த ஊர் ஆடுகளுக்குச் சுவர்தான் ஓட்டல். எந்தச் சுவரில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று ஒற்றைக்கொம்பன் கிடாவிடம் கேட்டுக்கொண்டுதான் எல்லாம் கிளம்பும்.

"தலைவர் பிறந்தநாளா? போகாதே, அத்தனையும் பிளாஸ்டிக் பேனர். ஊருக்கே சோறு போடுறேன்னு சொல்றவன் சுவத்துல ஒரு வாய் தேறாது. சினிமா போஸ்டருக்குப் போ, மைதாப் பசை கெட்டியா இருக்கும்" என்று அது சொல்லும்.

மில் வாசல் சுவரைப் பற்றி மட்டும் வாயே திறக்காது.

வயிற்றில் குட்டிகளோடு இருந்த மயிலி, ஒரு நாள் எங்கும் தீனி கிடைக்காமல் அந்த வாசலுக்கே வந்துவிட்டது. அங்கே சங்கத்தின் வேலைநிறுத்தப் போஸ்டர் பசை காயாமல் இருந்தது. பக்கத்தில் கொம்பன் காவல் நின்றது.

"நல்லா இருக்குண்ணே! எங்களை ஊரெல்லாம் அலையவிட்டுட்டு, நல்ல கடையை உனக்குன்னு ஒதுக்கிக்கிட்டியா?"

"நான் இன்னும் வாயே வைக்கல தாயி. மூணு மணிக்கு ஷிப்ட் விடும். அவங்க படிச்சதும் முதல் வாய் உனக்குத்தான்."

சங்கு ஊதியது. தொழிலாளர்கள் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள். கொம்பனின் தலை தொங்கிவிட்டது.

"சாப்பிடு தாயி. இதையும் எவனும் படிக்கப் போறதில்ல."

மயிலி ஒரு மூலையைக் கவ்வி உரித்தது. அப்போது ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார். மயிலி உரிந்த மூலையை மூக்கால் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டது.

"குட்டிகளுக்குப் பசிக்குமே தாயி."

"பேசாம இருண்ணே. அவர் இப்பத்தான் மூணாவது வரிக்கு வந்திருக்கார்."