மூன்றாம் தூண் சிவப்பு

அன்று எலெக்ட்ரானிக் சிட்டி குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள்: சங்கச் செயலாளர் ஸ்ரீகண்டன், சென்சார் கம்பெனி இன்ஜினியர் நிருபமா, வாட்ச்மேன் உத்தமன், சிவில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே ராத்திரி முழுக்கத் திரையைப் பார்க்கும் நான்.

தூண்களில் பீசோ சென்சார் ஒட்டியிருக்கிறார்கள். கான்கிரீட்டில் பழுது வந்தால் திரையில் சிவப்பு எரியும். விடிந்ததும் மூன்றாம் தூணுக்கு எரிந்தது. நான் கத்திய கத்தலில் அத்தனை குடும்பமும் நைட்டியும் லுங்கியுமாக ரோட்டில் நின்றது.

“இந்தத் தூண்ல ஏதாவது வேலை நடந்துச்சா?” என்றார் நிருபமா.

“நேத்துதான் விரிசலுக்குள்ள கெமிக்கல் ஏத்தி அடைச்சாங்க மேடம். கட்டினப்பவே விழுந்த விரிசலாம். பூச்சு மறைச்சிருந்துச்சு,” என்றான் உத்தமன்.

“சென்சார் ஒட்டின அன்னைக்கு இருந்த நிலைமையோட ஒப்பிட்டுத்தான் பழுது சொல்லும். தூண் இப்பதான் சரியாயிருக்கு. அந்த மாற்றத்துக்குத்தான் சிவப்பு,” என்றார் நிருபமா.

ஸ்ரீகண்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “குணமானதுக்கா சும்மா எல்லாரையும் எழுப்பினே? டிகிரி முடிச்சிருந்தா இன்னும் என்னென்ன பண்ணுவியோ! உத்தமா, எல்லாரையும் உள்ள வரச் சொல்லு.”

வேலை போகாமலிருக்க நானும் சிரித்து வைத்தேன். “மத்த தூணெல்லாம் பச்சைதான் மேடம். முதல் நாள்லேருந்து மாறவே இல்ல,” என்றேன் பெருமையாக.

நிருபமா சிரிக்கவில்லை. “அதுங்க பூச்சை யாராவது பேத்துப் பாத்தீங்களா?”

ஸ்ரீகண்டனின் சிரிப்பு நின்றது. “உத்தமா, யாரையும் உள்ள விடாதே!” என்று வெளியே ஓடினார்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. நாற்காலியில் உட்காரப் போனேன். உத்தமன் என்னைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டு, கதவைச் சாத்திப் பூட்டினான்.