சிவப்புச் சக்களத்தி

“ஒரு வாரத்துக்குள்ள அந்தச் சக்களத்தி வாசலைவிட்டுப் போகலைன்னா, நான் போயிடுவேன்” என்று போன வாரமே கெடு வைத்திருந்தாள் மனைவி. இப்போது ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சக்களத்தி என்றது கணவனின் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை.

“என்னப்பா, டெம்பரேச்சர் முள்ளு ஏறிக்கிட்டே போகுது?” என்றார் காரை வாங்க வந்தவர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

கணவன் பானெட்டில் காதை வைத்துக் கேட்டான். “ஃபேன் ஓடுது சார். இதோ, இறங்கிடும்.”

இறங்கவில்லை. பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி சீறியது.

“காசு குடுத்துத் தலைவலியை வாங்கச் சொல்றியா?” அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

கணவன் எஞ்சினை அணைத்தான். ஃபேனை மட்டும் ஓடவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்தான். ஃபேன் அதை உள்ளே இழுக்க வேண்டும். காகிதமோ பறந்து அவன் முகத்தில் அடித்தது. ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது! யாரோ ஒயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

கதவு திறக்கும் சத்தம். மனைவி வந்தாள். கையில் பெட்டி இருக்குமோ என்று பயந்துகொண்டே நிமிர்ந்தான்.

டார்ச் இருந்தது.

“நேத்து இதைத் துடைக்கிறேன்னு வந்து அழுதுகிட்டு நின்னீங்களே, பார்த்தேன்” என்றாள். “ஞாயித்துக்கிழமையெல்லாம் உங்களுக்கு டார்ச் பிடிச்சே பாதி மெக்கானிக் ஆயிட்டேன்ல?”

வெளிச்சம் ஃபேனின் ஒயர்கள் மேல் விழுந்தது.

“சீக்கிரம் மாத்துங்க. பாவம், சக்களத்திக்கு உடம்பு அனலாக் கொதிக்குது.”