முன் சக்கரம்

"பஞ்சர்!" என்று கத்தினேன்.

எங்கள் சைக்கிள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கடைசியில் வருபவர் கத்தினால் அது வாய் மாறி வாய் மாறி முன்னால் போய்ச் சேர வேண்டும். என்னிடமிருந்து டீச்சர் வாங்கிப் பல் டாக்டரிடம் கொடுத்தார். பல் டாக்டர், எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒருவருக்குப் பஞ்சர் என்றால் எல்லோரும் இறங்கியாக வேண்டும். அதுவும் வழக்கம்தான். இரண்டையும் போட்டவர் என் வீட்டுக்காரர்.

இறங்கினார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இன்னிக்கு என்ன, ஆளாளுக்கு ஒரு நோவு?"

கேட்காமல் எப்படி இருப்பார்? காலையில் முதல் ஏற்றம் முடிந்ததும் பல் டாக்டருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அப்புறம் டீச்சர் ஏரிக்கரையில் நிறுத்தி, கொக்கைப் படம் பிடித்தே தீருவேன் என்றார். இத்தனை வருடமாக அதே ஏரியைக் கடக்கிறோம், ஒரு கொக்கை அவர் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

இப்போது என் முறை.

மழைக்காலத்தில் ஒருநாள் என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்கள் சைக்கிள் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். சைக்கிள் ஓட்டலாம், ஆனால் மூச்சு வாங்கினால் உடனே இறங்கி உட்கார்ந்துவிட வேண்டும் என்றார் இதய டாக்டர். நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னது வேறு.

"யாராவது என்னை நோயாளியா நடத்தினீங்கன்னா, அன்னிக்கே சைக்கிளை வித்துடுவேன்."

சொன்னால் செய்கிற ஆள். கடையையும் சேர்த்து மூடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மனிதரோடு நான் சில வாரங்கள் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அந்த மனிதர் எனக்கு வேண்டாம்.

களைத்தால் வாய் திறக்க மாட்டார். காது மடல்தான் சிவக்கும். இந்த ஏற்றத்தில் அவருக்கு நேர் பின்னால் வந்துகொண்டிருந்தேன். சிவந்தது.

மெல்லப் பின்தங்கினேன். டீச்சரும் பல் டாக்டரும் ஒன்றும் கேட்காமல் என்னைத் தாண்டிப் போனார்கள். வளைவில் இறங்கி, முன் சக்கரத்து வால்வு மூடியைக் கழற்றி, நகத்தால் அழுத்தினேன். புஸ்ஸென்று போயிற்று. அப்புறம்தான் கத்தினேன்.

சாலையோரம் வாய்க்கால் ஓடியது. அதற்கு அப்பால் மலையடிவாரம் வரைக்கும் சூரியகாந்தி. அவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, டயரை நெம்பி ட்யூபை உருவினார். கையோடு மாற்று ட்யூப் கொண்டுவருவதே அவருக்குக் கௌரவக் குறைச்சல். ஒட்டத் தெரியாதவன்தான் மாற்றுவான் என்பார்.

ட்யூபில் கொஞ்சம் காற்றடித்து வாய்க்கால் தண்ணீரில் முக்கினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஞ்சர் என்றால் ஓட்டை வேண்டும்.

பஞ்சர் ஒட்டுகிறவருக்கு வாழ்க்கைப்பட்டவள் மறக்கக்கூடிய விஷயமா இது?

ட்யூபைத் தண்ணீருக்குள் மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தார். ஒரு குமிழி இல்லை. மறுபடியும் ஒரு சுற்று. இல்லை. பல் டாக்டர் பிறவியிலேயே பார்க்காததைப் பார்ப்பதுபோல் சூரியகாந்தியைப் பார்த்தார். டீச்சர் தன் ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

ட்யூபைக் கன்னத்தருகில் கொண்டுபோய்க் காற்று கசிகிறதா என்று பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் சூரியகாந்தியைப் பார்த்தேன்.

"முள்ளு," என்றார். "சின்னதுதான்."

நல்ல ட்யூபில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து உப்புத்தாளால் தேய்த்தார். சொல்யூஷன் தடவினார். கடையில் அது காய்வதற்குள் நாலு பேரை விரட்டுகிறவர், இன்று ட்யூபை முழங்காலில் வைத்துக்கொண்டு சாலையோர மரத்தில் சாய்ந்தார்.

"நல்லா காயட்டும்," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நெஞ்சின் மேல் வைத்திருந்த ஹெல்மெட் முதலில் வேகமாக ஏறி இறங்கியது. அப்புறம் நிதானமாக. காது மடல் பழைய நிறத்துக்கு வரும்வரை நான் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கொண்டவனைப் பொதுவெளியில் அப்படிப் பார்த்து எத்தனையோ வருடமாகிவிட்டது.

எழுந்தார். ஒட்டுப் போட்டார், சக்கரத்தை மாட்டினார், காற்றடித்தார். முடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே என் பக்கம் உள்ளங்கையை நீட்டினார்.

புரியாமல் நின்றேன்.

"மூடி," என்றார்.

அது என் கையுறைக்குள் இருந்தது. எடுத்து அவர் கையில் வைத்தேன். இன்றோடு சைக்கிள் போயிற்று என்று நினைத்தேன்.

மூடியைத் திருகினார். சைக்கிளை என் கையில் கொடுப்பதுபோலக் கிட்டே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்:

"மேல இன்னொரு ஏத்தம் இருக்கு. அங்க பின் சக்கரத்துல காத்தை இறக்கு. கழட்டி மாட்ட நேரம் ஆகும்."